‘தொடவே இல்லையே, இது புகாராகுமா?’

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான்கு வருஷமாக மெர்ச்சன்டைசராக (பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருக்கிறேன். எங்கள் ஜி.எம்., முதலாளிக்கு மைத்துனர். தீபாவளி முடிந்ததிலிருந்து ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். முதலில் ஷிப்மென்ட் விஷயம். அப்புறம் “தூங்கலையா?”, “அந்தப் பச்சைப் புடவை கண்ணுலயே நிக்குது” என்று போயிற்று. “சார், ஆபீஸ் விஷயம் மட்டும் அனுப்புங்க” என்று ஒரு தடவை பதில் போட்டேன். அனுப்பியதில் பாதியை அழித்துவிட்டார். ஜனவரியில், “பெங்களூர் பையர் மீட்டிங்குக்கு நாம ரெண்டு பேர் மட்டும் போவோம், நைட் தங்கிட்டு வரலாம், உன் இன்கிரிமென்ட்டை நான் பாத்துக்கறேன்” என்றார். நான் போகவில்லை. பிப்ரவரி 10-ம் தேதி சாம்பிள் ரூமில் மாஸ்டரும் ஒரு டெய்லர் அக்காவும் இருக்கும்போதே, “டம்மி எதுக்கு, நீயே போட்டுக் காட்டு, ஃபிட்டிங் நல்லாத் தெரியும்” என்று சிரித்தார். இரண்டு நாள் கழித்து எச்.ஆர். மேடத்திடம் சொன்னேன். “அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். மார்ச்சில் எனக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது. “நீங்களாவே பேப்பர் போட்டுட்டா நல்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கித் தர்றேன்” என்கிறார் எச்.ஆர். அவர் என்னைத் தொட்டதே இல்லை. இது புகாராகுமா? இந்தச் சட்டமெல்லாம் ஐ.டி. கம்பெனிகளுக்குத்தானே? கணவரிடம் சொன்னால் வேலையை விடு என்பார். அக்காவுக்கு மட்டும் அன்றன்றைக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருக்கிறேன். பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

பேப்பர் போடாதீர்கள். இன்னும் சில வாரங்களுக்காவது போடாதீர்கள். அதற்கு முன் உங்கள் கையால் எழுதவேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரச் சொல்கிறது. தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. உங்கள் விஷயத்தில் கடைசிச் சம்பவம் பிப்ரவரி 10. ஆக, மே 10-க்குள் புகார் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச்சில் வந்த மெமோக்களும் அதன் தொடர்ச்சிதான் என்று வாதாட இடமுண்டு. ‘வேலையில் பாதகம் செய்வேன்’ என்ற மிரட்டலையும் இந்தச் சட்டம் துன்புறுத்தலோடு சேர்த்தே பேசுகிறது. தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் வரை தாமதத்தை மன்னிக்கவும் செய்யலாம். ஆனால் இரண்டையும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுக்கிற ஆயுதம் ‘காலம் கடந்த புகார்’ என்பதுதான். எச்.ஆரிடம் நீங்கள் வாயால் சொன்னதைச் சட்டம் புகாராக எடுத்துக்கொள்ளாது. அவரும் அது தெரிந்துதான் எழுதித் தரச் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது. நான் சந்தேகப்படுகிற ரகம்தான், தொழில் அப்படி.

அவர் தொட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. சட்டம் தொடுதலோடு நிற்கவில்லை. பாலியல் சாயலோடு பேசுவது, பாலியல் உறவுக்கு அழைப்பது, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத வேறெந்தப் பேச்சும் சைகையும் அதில் அடக்கம். ‘சம்மதித்தால் இன்கிரிமென்ட், மறுத்தால் மெமோ’ என்கிற வகைக்குத் தனி இடமே இருக்கிறது. நீங்கள் எழுதியதில் பெங்களூர்ப் பேச்சுதான் எல்லாவற்றிலும் கனமானது. சாம்பிள் ரூம் பேச்சு அதற்கு அடுத்தது. அதற்குச் சாட்சி இருக்கிறது.

உங்கள் தொழிலோடு தொட்ட ஒரு வழக்கையே சொல்கிறேன். ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கான கவுன்சிலின் டெல்லி அலுவலகத்தில் தலைவரின் தனிச்செயலராக இருந்தவர், 1988-ல் ஒரு பெண் தட்டச்சரை டிக்டேஷன் எடுக்க என்று ஓட்டலுக்கு அழைத்துப் போய் அத்துமீற முயன்றார். நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. டெல்லி உயர் நீதிமன்றமோ, அவர் முயற்சிதான் செய்தார், உண்மையில் தொடவில்லை என்று சொல்லி நீக்கத்தை ரத்து செய்தது. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, நீக்கியது சரி என்றது. உடல் தீண்டல் இருந்தே ஆகவேண்டும் என்ற வாதம் அன்றோடு செத்துப்போனது. இருந்தும் எச்.ஆர். அறைகளில் இன்னமும் அது உயிரோடு உலவுகிறது.

“அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான்” என்ற சமாதானத்துக்கும் பதில் உண்டு. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு ஐ.டி. நிறுவன மேலாளரின் வழக்கில், அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று பார்க்காதே, அந்தப் பெண்ணுக்கு அது எப்படிப் பட்டது என்று பார் என்றது. அவர் பெண் ஊழியர்களுக்குப் பின்னால் நெருக்கமாக வந்து நிற்பார். வேலையை மேற்பார்வை பார்க்கத்தான் நின்றேன் என்பது அவருடைய வாதம். அது எடுபடவில்லை. எல்லாரிடமும் அப்படிப் பேசுகிறவர் என்றால், புகார் கொடுக்கவேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ஐ.டி. கம்பெனிச் சட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சட்டத்தின் வேர் கணினி நிறுவனத்தில் இல்லை. ராஜஸ்தானில் பட்டேரி என்கிற கிராமத்தில் இருக்கிறது. அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற அடிமட்டப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அவை சட்டமாக இன்னொரு பதினாறு வருஷம் ஆனது. செங்கல் சூளைக்கும் பவர்டேபிள் தையல் யூனிட்டுக்கும் வீட்டு வேலைக்கும் இது பொருந்தும். கம்பெனி வண்டியில் போகும் பயணம், வெளியூர் பையர் மீட்டிங் எல்லாம் பணியிடம்தான்.

இனி, புகாரை யாரிடம் கொடுப்பது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர், ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். உங்கள் கம்பெனி வெளிநாட்டு பையருக்குச் செய்கிறது என்றால் குழுவின் பெயர்ப் பட்டியல் கட்டாயம் எங்காவது ஒட்டியிருக்கும். ஆடிட் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கேன்டீன் பக்கம், டைம் ஆபீஸ் பக்கம், குறைந்தபட்சக் கூலி அட்டவணைக்குப் பக்கத்தில் பாருங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வெளி உறுப்பினராகச் சில குழுக்களில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: தன் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதே தெரியாத உறுப்பினர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆடிட்டுக்காக ஒட்டியது, ஆடிட்டோடு மறந்துபோகும். அப்படியிருந்தாலும் கவலை வேண்டாம். புகார் எழுத்தில் போனதும் அந்தக் காகிதக் குழு நிஜக் குழுவாக வேலை செய்தே தீர வேண்டும். குழுவே அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் அதே தவறு என்றால் உரிமம் வரைக்கும் கை வைக்கலாம்.

உங்களுக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அவர் முதலாளியின் மைத்துனர். புகார் முதலாளி மீதே என்றால் அது கம்பெனிக் குழுவுக்குப் போகாது. மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் புகார் குழுவுக்குப் போகும். மைத்துனர் என்பதால் மட்டும் ஒருவர் முதலாளி ஆகிவிட மாட்டார். ஆனால் நிர்வாகத்தையும் கட்டுப்பாட்டையும் கையில் வைத்திருப்பவரையும் சட்டம் ‘முதலாளி’ என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. அவர் பங்குதாரரா, செக்கில் கையெழுத்துப் போடுகிறவரா, ஆளை எடுக்கவும் நீக்கவும் அவர்தானா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால், நானாக இருந்தால் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போய் உள்ளூர் குழுவிடமே புகாரைக் கொடுப்பேன். சம்பளம் வாங்கும் ஜி.எம். மட்டும்தான் என்றால் கம்பெனிக் குழு. இரண்டில் எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையென்றால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். அதிகாரம் தனக்கில்லை என்று ஒன்று சொன்னாலும் தேதி பதிவாகியிருக்கும். மத்திய அரசின் ‘ஷீ-பாக்ஸ்’ இணையதளத்திலும் பதியலாம், தனியார் கம்பெனிக்கும் அது பொருந்தும்.

புகாரை எழுதும் விதத்தில்தான் பாதி வழக்கு இருக்கிறது. என்னிடம் வரும் பெரும்பாலான வரைவுகள் இப்படித்தான் தொடங்கும்: ‘எங்கள் ஜி.எம். எனக்குப் பல மாதங்களாகப் பாலியல் தொல்லை கொடுத்து வருகிறார். இதனால் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன். தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இதில் விசாரிக்க ஒன்றுமே இல்லை. ‘இல்லை’ என்ற ஒரு வார்த்தையில் அவர் பதில் முடிந்துவிடும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘10.02 அன்று மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பின், சாம்பிள் ரூமில் இன்ன பையரின் இன்ன ஸ்டைலுக்கு பி.பி. சாம்பிளை டம்மியில் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் இன்னாரும் டெய்லர் இன்னாரும் உடனிருந்தார்கள். ஜி.எம். உள்ளே வந்து, “டம்மி எதுக்கு, நீயே போட்டுக் காட்டு, ஃபிட்டிங் நல்லாத் தெரியும்” என்றார். நான் பதில் சொல்லாமல் சாம்பிளைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று இரவு என் அக்காவுக்கு இதை வாய்ஸ் மெசேஜில் தெரிவித்தேன்.’ இப்போது அவர் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அன்று அந்த ஸ்டைல் சாம்பிள் ரூமில் இருந்ததா இல்லையா என்பதை ரிஜிஸ்டரே சொல்லும். அவர் பேசியதை அவர் பேசின மொழியிலேயே, கொச்சையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். ‘அநாகரிகமாகப் பேசினார்’ என்று நாகரிகமாக மூடி மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வருணனையும் சாபமும் வேண்டாம். அவர் வீட்டில் எப்படி, வெளியில் யாரோடு என்ற பேச்சும் வேண்டாம்.

புகாரும் இணைப்புகளும் ஆறு நகல். சாட்சிகளின் பெயர், முகவரி கூடவே. டெய்லர் அக்கா பயப்படலாம். சாட்சி சொல்ல வருவீர்களா என்று இப்போதே போய்க் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். பெயரை எழுதுங்கள், அழைப்பது குழுவின் வேலை. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டிலும், உங்கள் சொந்த மெயிலிலிருந்தும் அனுப்புங்கள். கம்பெனி மெயிலை மறுநாளே முடக்கிவிடுவார்கள்.

அழித்த மெசேஜ்கள் பற்றி அவ்வளவு கலங்க வேண்டாம். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி, இரவு 11 மணி என்ற நேரத்தோடு வரிசையாக நிற்பதே ஒரு கதை சொல்லும். ஷிப்மென்ட் விஷயத்தை யாரும் நள்ளிரவில் அனுப்பிவிட்டு அழிப்பதில்லை. “ஆபீஸ் விஷயம் மட்டும் அனுப்புங்க” என்ற உங்கள் பதில் அப்படியே இருக்கிறது. வேறென்னவோ வந்ததால்தானே அந்தப் பதில்! உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். போனை மாற்றவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ கூடாது. பின்னால் கோர்ட்டுக்குப் போனால் மூலக் கருவியைக் கேட்பார்கள், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் தேவைப்படும். அக்காவின் போனில் இருக்கும் வாய்ஸ் மெசேஜ்கள்தான் உங்களிடம் இருக்கும் மிக நல்ல ஆதாரம் என்பது என் அபிப்பிராயம். மெமோ வருவதற்கு முன்பே, சம்பவம் நடந்த அன்றே சொன்னது அது. மெமோவுக்குப் பழிவாங்கக் கதை கட்டுகிறார் என்று சொல்ல வழியில்லாமல் போய்விடும். கிரிமினல் கோர்ட் மாதிரி ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்றுதான் குழு பார்க்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆதாரம் சேர்க்கிறேன் என்று பையர் காஸ்டிங் ஷீட், டெக் பேக் என்று கம்பெனி ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ‘தகவல் திருட்டு’ என்று உங்கள் மீதே விசாரணை வைக்க அது போதும்.

மெமோக்களுக்குக் கொடுத்த கெடுவுக்குள் பதில் சொல்லியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் உடனே சொல்லுங்கள். அதில் வேலை விஷயம் மட்டும்: லேப் டிப் (சாயமிட்ட துணி மாதிரி) எந்தத் தேதியில் பையருக்குப் போனது, அப்ரூவல் எப்போது வந்தது, தாமதம் எந்தக் கட்டத்தில். கடைசியில் ஒரே ஒரு வரி, ‘இந்த மெமோக்கள் எந்தச் சூழலில் தரப்பட்டன என்பதைத் தனியே புகாராகத் தெரிவிக்கிறேன்’ என்று. அதற்கு மேல் மெமோ பதிலில் ஒன்றும் வேண்டாம்.

புகாரின் கடைசிப் பத்தியில் இடைக்கால நிவாரணம் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விசாரணை முடியும் வரை உங்கள் வேலையை மதிப்பிடும் பொறுப்பை அவரிடமிருந்து எடுக்கச் சொல்லலாம். அவரையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், அது உங்கள் கணக்கில் உள்ள விடுப்பில் கழியாது. எச்.ஆர். முதலில் நீட்டப்போவது என்னவென்று எனக்குத் தெரியும்: “உங்களைப் பெருந்துறை யூனிட்டுக்கு மாத்திடறோம், பிரச்சினை தீர்ந்துது.” நீங்கள் எழுதிக் கேட்டால்தான் உங்களை மாற்றலாம். கேட்காமல் மாற்றினால் அதையும் குழுவுக்கு எழுதுங்கள்.

அடுத்தது பஞ்சாயத்து. முதலாளி வீட்டம்மா கூப்பிட்டுப் பேசலாம், ஜி.எம். கையெடுத்துக் கும்பிடவும் செய்யலாம். விசாரணைக்கு முன் சமரசம் என்பதைச் சட்டமே அனுமதிக்கிறது, ஆனால் அதை நீங்கள் கேட்டால் மட்டும். பணத்தை வைத்து சமரசம் கூடவே கூடாது. ஏசி ரூமில் டீ கொடுத்து முடித்துவைக்கும் வாய்வழி மன்னிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. குழுவின் முன் பதிவாகி, நகல் உங்கள் கைக்கு வந்தால்தான் அது சமரசம்.

விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிந்து 10 நாளுக்குள் அறிக்கை, அது கிடைத்து 60 நாளுக்குள் நிர்வாகம் செயல்படுத்த வேண்டும். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. இது உங்களுக்குச் சாதகம். அவர் கூட்டிவரும் பெரிய வக்கீல் வாசலோடு நிற்க வேண்டியதுதான். “ஏன் அப்பவே சொல்லலை? ஏன் நம்பரை பிளாக் பண்ணலை?” என்று கேட்பார்கள். ஷிப்மென்ட் தகவலும் அதே நம்பரிலிருந்து வந்தது என்பதுதான் உண்மை. அதையே சொல்லுங்கள். நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயம் இருக்கும். ஆதாரம் போதாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

ரகசியம் காக்கப்படுமா? உங்கள் பெயரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். நடப்பு வேறு. திருப்பூரில் மதியம் கொடுத்த புகார் சாயங்கால டீ வருவதற்குள் பேக்கிங் செக்‌ஷன் வரை போயிருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதனால்தான் கணவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள் என்கிறேன். வேறு யார் வாயாலோ அவருக்குப் போகக் கூடாது. வெறும் பேச்சாகச் சொன்னால் ‘வேலையை விடு’ என்பதுதான் முதலில் வரும். புகாரை எழுதி முடித்து, அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவரே நேராகப் போய் ஜி.எம். சட்டையைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அப்புறம் கதையே திசை மாறிவிடும்.

போலீஸ் புகார் தனி வழி. குழுவின் முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, மூன்று மாதக் கெடுவும் அதற்குக் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவில், பாலியல் சாயலான பேச்சுக்கு ஓராண்டு வரையும், பாலியல் இணக்கம் கேட்பதற்கு மூன்றாண்டு வரையும் சிறை உண்டு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். உங்கள் நிலைமையில் குழுவை முதலில் வைப்பேன். மிரட்டல் வந்தாலோ, வழியில் பின்தொடர்ந்தாலோ, அன்றே போலீஸ். பெண்கள் உதவி எண் 181-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம், அல்லது 15100 எண்ணில் கேட்டால் புகாரை எழுதித் தரவே ஒரு வக்கீலைத் தருவார்கள்.

வேலையை விடுவது உங்கள் உரிமை. நல்ல இடம் கிடைத்தால் போங்கள். போனாலும் புகார் நிற்கும், இப்போது அங்கே வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. புகார் பதிவான பிறகு போங்கள் என்பதுதான் நான் கேட்பது. அப்படிப் போகும்போது எச்.ஆர். நீட்டும் அச்சடித்த படிவத்தில், ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ஏற்கெனவே போட்டிருக்கும். அதை அடித்துவிட்டு, இன்ன தேதியில் இன்ன புகார் கொடுத்திருக்கிறேன், அது நிலுவையில் இருக்கிறது என்று உங்கள் கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். நகல் எடுத்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.